மருத்துவமனை ஊழியர்களுக்குக் கட்டாய ஃப்ளூ ஊசி: அமெரிக்க நடைமுறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பர் வரை அமெரிக்க மருத்துவமனை ஊழியர்களுக்கு ஒரே நினைவூட்டல் திரும்பத் திரும்ப வரும்: ஃப்ளூ ஊசி போட்டாயிற்றா, சான்று ஏற்றியாயிற்றா? அங்கே வேலை பார்க்கும் தமிழ் நர்ஸ்கள், ரெசிடென்ட் டாக்டர்கள், லேப் ஊழியர்கள், ஊசி முகாமை நடத்தும் பொறுப்பில் இருப்பவர்கள் ஆகியோருக்காக இந்தப் பக்கம். விதிகள் மாநிலத்துக்கு மாநிலமும் மருத்துவமனைக்கு மருத்துவமனையும் வேறுபடும். உங்கள் இடத்தின் எழுத்துபூர்வமான விதியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எல்லா மருத்துவமனை ஊழியரும் ஃப்ளூ ஊசி போட வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் இருக்கிறதா?

நாடு முழுவதற்குமான சட்டம் இல்லை. கோவிட் ஊசிக்கு 2021 நவம்பரில் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டின் நிர்வாகம் கொண்டுவந்த கட்டாயத்தோடு பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு, 2023இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. ஃப்ளூ விஷயத்தில் மெடிகேர் கேட்பது கணக்கு மட்டுமே. எத்தனை பேர் வேலை செய்தார்கள், எத்தனை பேர் ஊசி போட்டார்கள் என்பதை 2013 முதல் மருத்துவமனைகள் அறிக்கையாகத் தர வேண்டும்.

மாநிலங்கள் ஆளுக்கொரு வழி வைத்திருக்கின்றன. கலிபோர்னியாவில் மருத்துவமனை ஊசியை இலவசமாகத் தர வேண்டும். வேண்டாம் என்பவர் மறுப்புப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். நியூயார்க் 2013இல் ‘ஊசி, இல்லாவிட்டால் மாஸ்க்’ என்ற விதியைக் கொண்டுவந்தது. கொலராடோ 2012இல் மருத்துவமனைகளுக்குச் சதவீத இலக்கு வைத்து, அதைப் படிப்படியாக 90 வரை உயர்த்தியது. ‘போடாவிட்டால் வேலை இல்லை’ என்ற கண்டிப்பைப் பெரும்பாலும் மருத்துவமனை நிர்வாகம்தான் வேலை நிபந்தனையாக வைக்கிறது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது உங்கள் பணி ஒப்பந்தம். யூனியன் இருந்தால் அதன் ஒப்பந்தத்தையும் பாருங்கள்.

இது எங்கே ஆரம்பித்தது?

சியாட்டிலில் இருக்கும் வர்ஜீனியா மேசன் மருத்துவமனையில். 2004இல் அறிவித்து, 2005–06 பருவத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். முதல் ஆண்டிலேயே 97.6 சதவீதம் பேர் போட்டுக்கொண்டார்கள். அதற்கு முன்பு எவ்வளவோ பிரச்சாரம் செய்தும் பாதியைச் சற்றுத் தாண்டியதோடு நின்றுவிட்டது. நர்ஸ்கள் சங்கம் வழக்குக்குப் போனது. யூனியன் ஒப்பந்தத்தில் இல்லாத நிபந்தனையை நிர்வாகம் தன்னிச்சையாகத் திணிக்க முடியாது என்று நடுவர் சொன்னார், மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதன்பின் அங்கே ஊசி போடாத நர்ஸ்கள் பருவம் முழுக்க மாஸ்க் அணிய வேண்டியதாயிற்று.

செயின்ட் லூயிஸின் பிஜேசி ஹெல்த்கேர் 2008இல் ஏறத்தாழ 26,000 ஊழியருக்கு இதைக் கட்டாயமாக்கியது. 98.4 சதவீதம் பேர் போட்டார்கள். 321 பேருக்கு மருத்துவ விலக்கும், 90 பேருக்கு மத விலக்கும் கிடைத்தன. வேலை இழந்தவர்கள் 8 பேர். கட்டாயம் என்றாலே கூட்டம் கூட்டமாக ஆட்கள் வெளியேறிவிடுவார்கள் என்ற பயத்துக்கு இந்த 8 என்ற எண்ணைத்தான் மற்ற மருத்துவமனைகள் பதிலாகக் காட்டின.

எல்லா இடத்திலும் சுமுகமாக நடக்கவில்லை. 2009 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலம் அவசர விதி போட்டது. அக்டோபரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சில நாளில், ஊசி மருந்துத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி மாநிலமே விதியை நிறுத்திவைத்தது. மருந்து கையில் வரும் முன்னே கெடு வைத்தால் இப்படித்தான் ஆகும்.

நான் வார்டுக்கே போவதில்லை, பில்லிங்கில் இருக்கிறேன். எனக்கும் உண்டா?

பெரும்பாலும் உண்டு. மெடிகேர் கேட்கும் அந்தத் தேசிய அறிக்கைக்கான கணக்கில், அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரையிலான காலத்தில் ஒரே ஒரு நாள் மருத்துவமனைக் கட்டடத்துக்குள் வேலை செய்தாலும் நீங்கள் எண்ணிக்கையில் வருவீர்கள். நோயாளியைத் தொடுகிறீர்களா என்பதை யாரும் பார்ப்பதில்லை. சம்பளப் பட்டியலில் இருப்பவர், சம்பளப் பட்டியலில் இல்லாத டாக்டர்களும் அவர்களைப் போன்ற உரிமம் பெற்றவர்களும், 18 வயது நிரம்பிய மாணவர்களும் தன்னார்வலர்களும் என்று மூன்று பிரிவாகக் கணக்கெடுப்பார்கள். முழுக்க வீட்டிலிருந்தே வேலை செய்து கட்டடத்துக்குள் கால் வைக்காதவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். ஆனாலும் அவரையும் போடச் சொல்லும் மருத்துவமனைகள் உண்டு.

சான்றில் என்னென்ன இருக்க வேண்டும்? மருந்துக்கடை ரசீது போதாதா?

ரசீது போதாது. அதில் பணம் கட்டிய தேதி இருக்கும், ஊசி போட்ட விவரம் இருக்காது. பெயர், பிறந்த தேதி, ஊசி போட்ட தேதி, மருந்தின் பெயர், தயாரிப்பாளர், லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்), போட்ட இடம், போட்டவரின் பெயர் அல்லது கையெழுத்து ஆகியவை உள்ள தாளைக் கேட்டு வாங்குங்கள். சிவிஎஸ், வால்கிரீன்ஸ் போன்ற கடைகளில் கேட்டால் கவுன்டரிலேயே அச்சிட்டுத் தருவார்கள். விட்டுவிட்டால் மாநிலத் தடுப்பூசிப் பதிவேட்டில் தேடலாம். பதிவேட்டில் உங்கள் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்ப் பெயர்களில் அப்பா பெயர் முன்னால் போய், சொந்தப் பெயர் பின்னால் வந்து, ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு ஆகிவிடுவது சகஜம்.

‘போட்டுவிட்டேன்’ என்று வாயால் சொல்வது செல்லாது. வெளியே போட்டுக்கொண்டவரை அறிக்கையின் ‘போட்டவர்’ பத்தியில் சேர்க்க எழுத்துச் சான்று வேண்டும்.

மே மாதம் சென்னையில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டு ஜூலையில் ரெசிடென்சியில் சேர்ந்தேன். அது செல்லுமா?

சேரும் நாளுக்கு அதைச் சிலர் ஏற்பார்கள், வரும் பருவத்துக்குச் செல்லாது. அமெரிக்காவில் அந்தப் பருவத்துக்கான மருந்து ஜூலை, ஆகஸ்ட் வாக்கில்தான் வெளிவருகிறது. மே மாதத்தில் போட்டது முந்தைய கலவையாக இருக்கும், பாதுகாப்பும் மாதக்கணக்கில் தேய்ந்துகொண்டே போகும். செப்டம்பர் அல்லது அக்டோபரில் இன்னொன்று போட்டுக்கொள்ளுங்கள். இடையில் நான்கைந்து மாதம் இருப்பதால் பாதகம் ஒன்றும் இல்லை. சேரும்போது கேட்கும் டிபி (காசநோய்) தோல் பரிசோதனையையும் ஃப்ளூ ஊசியையும் ஒரே நாளில் முடிக்கலாம்.

இத்தனை வகை ஊசி இருக்கிறதே, எதைப் போடுவது?

65 வயதுக்கு உட்பட்டவர் தம் வயதுக்கு அனுமதிக்கப்பட்ட எதைப் போட்டாலும் சரி. 2024–25 பருவத்திலிருந்து அமெரிக்காவில் எல்லாமே மூன்று வகை வைரஸுக்கு எதிரானவை. முன்பு நான்கு இருந்தது. பி வகையைச் சேர்ந்த யமகாட்டா கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டறியப்படாததால் அதை எடுத்துவிட்டார்கள். சாதாரண ஊசியில் ஒவ்வொரு வகைக்கும் 15 மைக்ரோகிராம் புரதம். ஃப்ளூப்ளாக் என்ற ஊசியில் 45. முதியவர்களுக்கான ஃப்ளூசோன் ஹை-டோஸில் 60.

மூக்கில் தெளிக்கும் ஃப்ளூமிஸ்ட் மட்டும் வேறு ரகம். அதில் வலுவிழந்த உயிருள்ள வைரஸ் இருக்கிறது. 50 வயதுக்கு மேற்பட்டவருக்கும் கர்ப்பிணிக்கும் அது கிடையாது. எலும்பு மஜ்ஜை மாற்று வார்டு போல, காற்று வடிகட்டிய தனியறையில் நோயாளிகளை வைத்திருக்கும் இடத்தில் வேலை செய்பவர் அதைப் போட்டால் 7 நாள் அந்த நோயாளிகளிடம் போகக் கூடாது. ரோஸ்டரில் 7 நாள் மாற்றுவதைவிட ஊசியைப் போட்டுக்கொள்வது லேசு.

நான் சைவம். முட்டையில் செய்தது என்கிறார்களே?

பெரும்பாலான ஃப்ளூ ஊசிகள் கருவுற்ற கோழி முட்டையில் வளர்த்த வைரஸிலிருந்து வருகின்றன, உண்மைதான். முட்டை வேண்டாம் என்றால் இரண்டு வழி உண்டு. ஃப்ளூப்ளாக்கில் முட்டையும் இல்லை, வைரஸும் இல்லை. பூச்சியின் செல்லில் அந்தப் புரதத்தை மட்டும் உருவாக்கி எடுக்கிறார்கள். ஃப்ளூசெல்வாக்ஸை நாயின் சிறுநீரகத்திலிருந்து வந்த செல் வரிசையில் வளர்க்கிறார்கள். தாவரத்திலிருந்து மட்டுமே வந்தது என்று சொல்லத்தக்க ஃப்ளூ ஊசி அமெரிக்கச் சந்தையில் இல்லை. ஃப்ளூமிஸ்ட்டில் பன்றி ஜெலட்டின் உண்டு. முட்டை இல்லாத ஊசி வேண்டும் என்று பணியாளர் நலப் பிரிவிடம் செப்டம்பரிலேயே சொல்லி வையுங்கள். எல்லா முகாமிலும் அது இருக்காது, ஆனால் வரவழைத்துத் தருவார்கள்.

முட்டை அலர்ஜி வேறு கதை. 2023–24 பருவத்திலிருந்து, முட்டை அலர்ஜி உள்ளவர் எந்த ஃப்ளூ ஊசியையும் போடலாம், வழக்கத்துக்கு மேல் தனி ஏற்பாடு தேவையில்லை என்பதுதான் அங்குள்ள பரிந்துரை. அதைச் சொல்லி இப்போது மருத்துவ விலக்கு கேட்டால் கிடைக்காது.

மருத்துவ விலக்கு யாருக்குக் கிடைக்கும்?

முன்பு ஃப்ளூ ஊசியாலோ அதில் உள்ள ஒரு பொருளாலோ உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வந்தவருக்கு. ஃப்ளூ ஊசி போட்ட 6 வாரத்துக்குள் கீலன்-பாரே என்ற நரம்பு பாதிப்பு வந்தவருக்கு. பெரும்பாலான படிவங்களில் இருப்பது இந்த இரண்டு கட்டம்தான். ‘போன வருஷம் போட்டு இரண்டு நாள் உடம்பு வலி’ என்பது இதில் சேராது.

கர்ப்பம் விலக்குக்குக் காரணம் ஆகாது. எந்த மாதத்திலும் ஊசி போடலாம், போடச் சொல்கிறார்கள். சளி, லேசான தொண்டை வலி இருந்தாலும் போடலாம். நல்ல காய்ச்சல் அடித்தால் சரியான பிறகு போட்டுக்கொள்ள வேண்டியது. அது தள்ளிவைப்பு, விலக்கு ஆகாது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு 23 கேஜ் அல்லது அதைவிட மெல்லிய ஊசியால் போட்டு, தேய்க்காமல் 2 நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும்.

மத விலக்கு எப்படிக் கேட்பது? அடிக்கடி நிராகரிக்கிறார்களே, ஏன்?

அடிப்படை, 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் 7ஆம் பகுதி. உண்மையாகக் கொண்டிருக்கும் மத நம்பிக்கை வேலை விதியோடு மோதினால், நிர்வாகம் தனக்குப் பெருஞ்சுமை ஆகாத அளவுக்கு மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். முன்பு சிறு செலவைக்கூடப் பெருஞ்சுமை என்று சொல்லித் தப்பிக்க முடிந்தது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம், ஒரு தபால் ஊழியரின் வழக்கில், கணிசமான கூடுதல் செலவு ஆகிறது என்று நிர்வாகம் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதன்பின் ‘முடியாது’ என்று ஒற்றை வரியில் பதில் அனுப்புவது நிர்வாகத்துக்கே ஆபத்து.

நிராகரிப்புக்கு முதல் காரணம், மனுவில் மதமே இல்லாமல் இருப்பது. ‘இந்த ஊசி உடம்புக்குக் கெடுதல் என்று நம்புகிறேன்’ என்று எழுதினால் அது மருத்துவக் கருத்து. பென்சில்வேனியா ஊழியர் ஒருவர் தொடர்ந்த இப்படிப்பட்ட வழக்கை 2017இல் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. எதை நம்புகிறீர்கள், அந்த நம்பிக்கை உங்கள் வாழ்க்கையில் வேறு எங்கெல்லாம் தெரிகிறது, ஊசியின் எந்த அம்சம் அதோடு மோதுகிறது என்று மூன்றையும் எழுத வேண்டும். சைவ உணவுப் பிடிப்பு மட்டும் போதுமா? 2012 டிசம்பரில் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனைமீது வீகன் ஊழியர் ஒருவர் போட்ட வழக்கில், அந்தப் பிடிப்பு மத நம்பிக்கைக்கு ஈடாக இருக்கக்கூடும் என்று சொல்லி, வழக்கை ஆரம்பத்திலேயே தள்ள மாவட்ட நீதிமன்றம் மறுத்தது. அது இறுதித் தீர்ப்பு அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது காரணம் கெடு. ஆனால் கெடு தாண்டியது என்பதற்காக மட்டும் மத மனுவைத் தள்ளுவது நிர்வாகத்துக்கும் சிக்கல். வட கரோலினாவின் மிஷன் மருத்துவமனை அப்படிச் செய்து, சம வேலைவாய்ப்பு ஆணையம் வழக்குப் போட, 2018இல் 89,000 டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. பென்சில்வேனியாவின் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனை மத மனுக்களை மறுத்து 6 பேரை வேலையிலிருந்து நீக்கிய வழக்கில் 2016இல் 3,00,000 டாலர் கொடுத்தது. ஹெச்.ஆரில் இருப்பவர்கள் இந்த இரண்டையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஒரு நுணுக்கம்: மத விலக்கு பெற்றவரை தேசிய அறிக்கையில் ‘மறுத்தவர்’ பத்தியில்தான் எண்ணுவார்கள். ‘மருத்துவக் காரணம்’ பத்தியில் சேர்த்தால் கணக்கு தவறு. இந்தத் தவறு வருஷா வருஷம் நடக்கிறது.

விலக்கு கிடைத்தவர் மாஸ்க் போட வேண்டுமா?

பல இடங்களில், ஃப்ளூ பருவம் முடியும் வரை, நோயாளிகள் இருக்கும் பகுதியில் போட வேண்டும். நியூயார்க்கில், ஃப்ளூ பரவல் தொடங்கிவிட்டது என்று மாநிலச் சுகாதார ஆணையர் அறிவித்த நாளிலிருந்து இது பொருந்தும். ஊசி போட்டவர் பேட்ஜில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வது வழக்கம்.

கனடாவின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டிஷ் கொலம்பியா 2012இல் இதே விதியைக் கொண்டுவந்து, 2019 டிசம்பரில் கைவிட்டது. ஒன்டாரியோவில் நர்ஸ்கள் சங்கம் 2015இலும் 2018இலும் நடுவரிடம் போய் ஜெயித்தது. ஊசி போடாதவர், அறிகுறி இல்லாதபோது மாஸ்க் போடுவதால் நோயாளிக்குப் பாதுகாப்பு என்பதற்கு ஆதாரம் போதவில்லை, இது வற்புறுத்தி ஊசி போடவைக்கும் கருவி என்பதுதான் தீர்ப்பின் சாரம். ஊசி சரியாகப் பொருந்தாத ஆண்டில், ஊசி போட்டவரும் வைரஸைச் சுமக்கலாம். அவருக்கு மட்டும் மாஸ்க் வேண்டாமா என்ற கேள்விக்கு இந்த விதியிடம் நல்ல பதில் இல்லை.

ஊழியர் ஊசி போட்டால் நோயாளி உயிர் பிழைக்கிறார் என்பது நிரூபணமானதா?

இந்தப் பக்கத்தில் கஷ்டமான கேள்வி இதுதான். ஆமாம், இல்லை என்று ஒற்றை வார்த்தையில் சொல்பவர் ஆய்வுகளைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

ஊழியருக்கே பயன் உண்டு, அதில் பெரிய சந்தேகம் இல்லை. பால்டிமோர் மருத்துவமனை ஊழியர் 264 பேரை மூன்று பருவங்களில் வைத்துச் செய்து 1999இல் வெளியான சோதனையில், ஊசி ஏ வகைத் தொற்றை 88 சதவீதமும் பி வகையை 89 சதவீதமும் குறைத்தது. எல்லா வருஷமும் இப்படி அமையாது. அமெரிக்கப் பொதுமக்களிடம் 2014–15இல் பலன் 19 சதவீதம்தான்; அந்த வருஷம் ஏ வகையைச் சேர்ந்த ஹெச்3என்2 வைரஸ் மாறிப்போய்விட்டது. நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில் 40 முதல் 60 வரை போகும்.

நோயாளிக்கான பயன் என்று வரும்போது எல்லோரும் காட்டுவது, பிரிட்டனிலும் பிரான்ஸிலும் முதியோர் நெடுங்காலப் பராமரிப்பு இடங்களில் நடந்த நான்கு சோதனைகளை. ஸ்காட்லாந்தில் 20 மருத்துவமனைகளில் நடந்து 2000இல் வெளியானதை எடுத்துக்கொள்ளுங்கள். ஊழியருக்கு ஊசி கொடுத்த இடங்களில் 50.9 சதவீதம் ஊழியர் போட்டார்கள், கொடுக்காத இடங்களில் 4.9. நோயாளி இறப்பு முதல் வகையில் 13.6 சதவீதம், இரண்டாவதில் 22.4. பார்த்தால் அசந்துபோவோம். ஆனால் அதே ஆய்வில் நோயாளிகளிடம் ஃப்ளூ வைரஸ் கண்டுபிடிக்கப்பட்ட விகிதம் 5.4, 6.7 என்று கிட்டத்தட்ட ஒன்றுதான். ஃப்ளூ குறையாமல் இறப்பு மட்டும் எப்படி இவ்வளவு குறைந்தது? அந்த வித்தியாசம் முழுவதையும் ஊசியின் கணக்கில் எழுத முடியாது.

2017இல் கனடா, பிரான்ஸ், ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அந்த நான்கு சோதனைகளின் கணக்கையும் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு நோயாளியின் மரணத்தைத் தடுக்க 6,000 முதல் 32,000 மருத்துவமனை ஊழியர் வரை ஊசி போட வேண்டியிருக்கும் என்பது அவர்களின் மதிப்பீடு. கட்டாயத்துக்கு ஆதரவாக அடிக்கடி சொல்லப்படும் ‘8 பேருக்குப் போட்டால் 1 உயிர்’ என்ற எண்ணோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கள் கருத்து இது: ஊழியர் ஊசி போடுவது சரி, இலவசமாக, வேலை நேரத்தில், வார்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது கட்டாயக் கடமை. ஆனால் ‘போடாதவர் நோயாளியைக் கொல்கிறார்’ என்ற சுவரொட்டிக்கு ஆய்வுகளில் இடம் இல்லை. அப்படி ஒட்டிய இடங்களில், எண்களைப் படித்த நர்ஸ்கள் மற்ற தொற்றுத் தடுப்பு விதிகளையும் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பிக்கிறார்கள்.

ஊசி போட்டதும் எனக்கு ஃப்ளூ வந்தது. எப்படி?

ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, அதனால் ஃப்ளூ வராது. போட்ட அன்று இரவு லேசான காய்ச்சல், கை வலி, உடம்பு அசதி வரலாம். ஒன்றிரண்டு நாளில் போய்விடும். பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ 2 வாரம் ஆகும். இடையில் தொற்றினால் ஃப்ளூ வரத்தான் செய்யும். அக்டோபரில் சுற்றும் மற்ற சளி வைரஸ்களை இந்த ஊசி தடுக்காது.

தோள் வலி வாரக்கணக்கில் போகவில்லை. ஊசியை எங்கே தவறாகப் போட்டார்கள்?

பெரும்பாலும் மிக மேலே. தோள்பட்டையின் முனையில் விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு விளிம்பைத் தேடுங்கள். அதிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, அக்குள் மடிப்பின் உயரத்துக்கு மேலே, டெல்டாய்டு தசையின் பருத்த பகுதிதான் சரியான இடம். அதற்கு மேலே குத்தினால் ஊசி மூட்டுப் பைக்குள் போய் வீக்கத்தை உண்டாக்கும். கையைத் தூக்க முடியாமல் மாதக்கணக்கில் கஷ்டப்பட்டவர்கள் உண்டு.

இது எப்படி நடக்கிறது என்று ஒரு முகாமில் பத்து நிமிடம் நின்றால் தெரியும். ஊழியர் அவசரத்தில் சட்டையைக் கழற்றாமல் கழுத்துப் பக்கமிருந்து கீழே இழுத்துத் தோளைக் காட்டுவார். கண்ணுக்குத் தெரியும் இடமெல்லாம் தோளின் மேல்பகுதிதான். போடுபவர் அங்கேயே குத்திவிடுவார். போடுபவர் நின்றுகொண்டு, போட்டுக்கொள்பவர் உட்கார்ந்திருந்தாலும் இதே ஆபத்து. ஸ்லீவைக் கீழிருந்து முழுக்கச் சுருட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரு கையைக் கழற்றுங்கள். இருவரும் உட்காருங்கள். கையை இடுப்பில் வைத்து முழங்கையை விலக்கினால் தசை தளர்ந்து கொடுக்கும். அளவு 0.5 மில்லி, 90 டிகிரிக் கோணம். 60–70 கிலோ எடை உள்ளவருக்கு 25 மி.மீ. ஊசி, 90 கிலோவுக்கு மேற்பட்ட பெண்ணுக்கும் 118 கிலோவுக்கு மேற்பட்ட ஆணுக்கும் 38 மி.மீ.

போட்ட 48 மணி நேரத்துக்குள் தொடங்கிய தோள் பாதிப்பும், 3 முதல் 42 நாளுக்குள் தொடங்கிய கீலன்-பாரேயும் அமெரிக்கத் தடுப்பூசி இழப்பீட்டுத் திட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன. முதல் அறிகுறி தெரிந்து 3 வருடத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். பாதிப்புக்கான வாய்ப்பு குறைவு. கீலன்-பாரே பத்து லட்சம் ஊசிக்கு ஒன்றிரண்டு கூடுதலாக வரலாம்.

முகாம் நடத்தும் பொறுப்பு எங்களுடையது. எங்கே சறுக்கும்?

முதலில் ஃப்ரிட்ஜ். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். கதவில் வைக்காதீர்கள், நடுத்தட்டில் வையுங்கள். மேலே சின்ன ஃப்ரீசர் பெட்டியோடு வரும் ஹாஸ்டல் ரக ஃப்ரிட்ஜ் ஆகவே ஆகாது. அதன் பின்சுவர் ஓரத்தில் மருந்து உறைந்துவிடும். ஒருமுறை உறைந்தால் கரைந்தபின் பார்க்க நன்றாக இருந்தாலும் குப்பைதான். இரவு ஷிப்டுக்கு வண்டியில் கொண்டுபோகும்போதும் இதே தவறு நடக்கும்: ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜெல் பையின்மீதே சிரிஞ்சுகளை அடுக்கிவிடுவார்கள். இடையில் அட்டை வைத்து, வெப்பமானியை மருந்துப் பெட்டிகளின் நடுவில் வையுங்கள்.

பல டோஸ் எடுக்கும் மருந்துக் குப்பியைப் பயன்படுத்துகிறீர்களா? 2025 ஜூலையில் அமெரிக்கச் சுகாதாரத் துறை தைமரோசால் என்ற பாதரசப் பதனப்பொருள் இல்லாத ஒற்றை டோஸ் ஊசிகளையே பயன்படுத்தும்படி பரிந்துரையை மாற்றிவிட்டது. ஆகவே முன்கூட்டியே நிரப்பி வரும் சிரிஞ்சுகளை ஆர்டர் செய்வதே இப்போது வழி.

அடுத்தது ஆட்கள். பகல் 10 மணிக்கு கேன்டீனில் மேஜை போட்டால் பகல் ஷிப்டு மட்டும்தான் வரும். இரவு 2 மணிக்கும், ஷிப்டு மாறும் நேரத்திலும் வண்டி வார்டுக்குப் போக வேண்டும். கடைசியில் விட்டுப்போகிறவர்கள் எப்போதும் ஒரே கூட்டம்: ஏஜென்சி நர்ஸ்கள், மூன்று மருத்துவமனையில் அறுவை செய்யும் சர்ஜன்கள், வார இறுதியில் மட்டும் வருபவர்கள், மகப்பேறு விடுப்பிலிருந்து பிப்ரவரியில் திரும்புபவர்கள். இந்தப் பட்டியலைச் செப்டம்பரிலேயே தனியாக எடுங்கள்.

ஒவ்வொரு ஊசிக்கும் தேதி, தயாரிப்பாளர், லாட் எண், போட்டவரின் பெயர், பதவி, கொடுத்த தகவல் தாளின் பதிப்புத் தேதி ஆகியவற்றை எழுத வேண்டும். இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள். மயக்கம் வரலாம் என்பதால் 15 நிமிடம் உட்காரவைத்து அனுப்புங்கள். கடுமையான ஒவ்வாமை வந்தால் கொடுக்க, கைக்கெட்டும் இடத்தில் அட்ரினலின் இருக்கட்டும்: ஒரு மில்லிக்கு 1 மி.கி. உள்ளதில் 0.3 முதல் 0.5 மி.கி. வரை, தொடையின் வெளிப்புறத் தசையில். பருவ அறிக்கைக்குக் கடைசி நாள் மே 15.

ஊசி போட்டிருக்கிறேன். காய்ச்சல் வந்தால் வேலைக்குப் போகலாமா?

கூடாது. மாத்திரை போடாமலே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆக வேண்டும். ஃப்ளூ வந்தவர், அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே வைரஸைப் பரப்புவார். அதன் பிறகும் 5 முதல் 7 நாள் வரை பரப்புவார். 2014–15இல் எடுத்த அமெரிக்கக் கணக்கெடுப்பில், ஃப்ளூ போன்ற காய்ச்சல் வந்த மருத்துவ ஊழியர்களில் 41 சதவீதம் பேர் அப்படியே வேலைக்குப் போயிருந்தார்கள். ஊசிக்குக் கெடு வைத்துவிட்டு, காய்ச்சலில் லீவு போட்டால் சம்பளம் பிடிக்கும் நிர்வாகம் ஒரு கதவைப் பூட்டி இன்னொன்றைத் திறந்து வைக்கிறது.

கடைசி வரை மறுத்தால் என்ன ஆகும்?

வழக்கமான வரிசை: நினைவூட்டல், மேலாளர் பேச்சு, கெடு முடிந்ததும் சம்பளமில்லாத இடைநீக்கம், பிறகு வேலை நீக்கம். ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம்தான். மனுச் செய்ய வேண்டியிருந்தால் முதல் நினைவூட்டல் வந்த வாரத்திலேயே செய்துவிடுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

தமிழ்நாட்டில் வேலை செய்பவர்கள் எப்போது போடுவது?

இந்தியச் சுகாதார அமைச்சகம் மருத்துவ ஊழியர்களுக்கு ஃப்ளூ ஊசியைப் பரிந்துரைக்கிறது. காலம்தான் வேறு. அமெரிக்காவில் உச்சம் குளிர்காலத்தில். இந்தியாவின் பெரும்பகுதியில் ஜூலை முதல் செப்டம்பர் வரை. சென்னையிலும் வேலூரிலும் செய்த கண்காணிப்பில் உச்சம் அக்டோபர், நவம்பரில், வடகிழக்குப் பருவமழையோடு வந்தது. ஊசி வேலை செய்ய 2 வாரம் வேண்டும் என்பதால், இங்கே செப்டம்பருக்குள் போட்டு முடிப்பது நல்லது. கடையில் வாங்கும்போது அட்டையில் எந்த ஆண்டுக் கலவை என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். போன வருஷத்துச் சரக்கு இன்னும் அலமாரியில் இருக்கக்கூடும்.